தேதி போட்ட காப்பிகள்

"ஹலோ... மாமா, வச்சிடாதீங்க. போனை வச்சிடாதீங்க. நான் சொல்றதை... இல்ல, உங்க பேரை நான் சொல்லவே இல்ல... 'யாரோ கை வச்சிருக்காங்க'ன்னுதான் சொன்னேன். யாரோன்னுதான்... ஓம், அந்த ரூம் சாவி உங்ககிட்ட மட்டும்தான் இருக்கு. தெரியும்... ஓம்... ஓம் மாமா... அப்படின்னா அந்த யாரோ நீங்கதான்னு ஆகுதா... சரி, ஆகுது. நீங்களே பேசி முடிங்க. நான் கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன்."

கேட்கவில்லை. ரிசீவரைக் காதிலிருந்து ஓர் அங்குலம் விலக்கிப் பிடித்தபடி மீனலோசனி சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மணி இரண்டு நாற்பது. நாலு மணிக்குக் கூட்டம்.

கனகலிங்கம் அவளுடைய அம்மாவின் தம்பி. ரயில்வேயில் கடைசிக் கிளார்க்காகச் சேர்ந்து, முப்பத்தெட்டு வருஷம் கழித்துத் தலைமைக் கிளார்க்காக வெளியே வந்தவர். அந்த முப்பத்தெட்டு வருஷத்தில் விளக்கம் கேட்டு ஒரு கடிதம்கூட அவர் மேசைக்கு வந்ததில்லை. பெருமைக்காகச் சொல்லவில்லை என்று சொல்லிக்கொண்டே அதை அவர் சொல்லாத நாள் கிடையாது. ஓய்வுக்குப் பிறகு வீட்டில் இரண்டு வருஷம் உட்கார்ந்து பார்த்தார், முடியவில்லை. பிரிக்பீல்ட்ஸில் கடைவீடுகளின் மாடியில் நடக்கும் ஒரு தனியார் கல்லூரியில், கம்ப்யூட்டர் லேபைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் அவரைச் சேர்த்துவிட்டவள் மீனலோசனிதான். அந்த லேபின் மெஷின்களைப் பராமரிக்கும் ஒப்பந்தம் அவளுடையது.

லேபில் முப்பது கம்ப்யூட்டர்கள். முப்பதும் இன்டர்நெட்டுக்குப் போக ஒரே வாசல், சர்வர் ரூமில் இருக்கும் ப்ராக்ஸி. ஒரு பிள்ளை கேட்ட பக்கத்தை வெளியிலிருந்து கொண்டுவந்து கொடுத்துவிட்டு, தன்னிடமும் ஒரு பிரதி வைத்துக்கொள்ளும். அடுத்த பிள்ளை அதையே கேட்டால் வெளியே போகாமல் எடுத்துக் கொடுக்கும். ஒரு வாரமாக அது திணறிக்கொண்டிருந்தது. இன்று காலை படுத்தேவிட்டது. எட்டரைக்குப் பிரின்சிபல் தாவூத் கூப்பிட்டபோது அவள் கையில் அரைத்த வேப்பிலையும் மஞ்சளும். சின்னவனுக்கு அம்மை வார்த்து நாலாம் நாள். "நான் செட் பண்ணினதுல ஒண்ணும் இல்ல சார், அங்க யாரோ கை வச்சிருக்காங்க" என்று சொல்லி வைத்துவிட்டாள். ஒப்பந்தத்தை இந்த மாதம் புதுப்பிக்க வேண்டும் என்பது அப்போது அவளுக்கு நினைவிருந்தது. சாவி யாரிடம் இருக்கிறது என்பது போனை வைத்த பிறகுதான் நினைவுக்கு வந்தது.

"முடிச்சிட்டீங்களா மாமா... இப்ப நான் பேசலாமா... என்ன பேப்பர்... தாவூத் சார் குடுத்தாரா... படிங்க, என்ன எழுதியிருக்கு... ம்... 'பழுதுக்குக் காரணம்'... ம்... 'பொறுப்பானவர்'... கீழ கையெழுத்துக்கு இடமா... கோடு போட்டு விட்டிருக்காங்களா... நீங்க எதுலயும் கையெழுத்துப் போடாதீங்க. நான் சொல்ற வரைக்கும் பேனாவையே தொடாதீங்க... அதைத்தான் நாலு மணிக்குப் போர்டு முன்னாடி வைக்கப் போறாரா... வேற யாரையாவது அந்த இடத்துக்குப் போடுவோம்னு சொன்னாரா... சொல்லலையா, ஆனா உங்களுக்குப் புரிஞ்சுது. சரி."

மீனலோசனிக்கும் புரிந்தது. காரணம் என்ற இடத்தில் நாலு மணிக்குள் வேறு ஒன்று எழுதப்படாவிட்டால், காலையில் அவள் சொன்ன வார்த்தைதான் அங்கே போய் உட்காரும். பக்கத்துக் கட்டத்தில் மாமாவின் பெயர்.

"நான் எப்படி மாமா வர்றது... வீட்டுல அம்மா வந்திருக்கா. வாசல்ல வேப்பிலை கட்டியிருக்கு. பிள்ளைக்குத் தலைக்குத் தண்ணி ஊத்தற வரைக்கும் படி இறங்கக் கூடாதுன்னு நீங்கதானே முந்தாநாள் போன் போட்டுச் சொன்னீங்க... ஓம், நீங்கதான்... மோடம் போட்டு இங்கிருந்தே நுழைஞ்சு பாத்தேன். காலையிலிருந்து ஆறு தடவை. பாஸ்வேர்டு கேக்கறதுக்கே அது மூணு நிமிஷம் எடுத்துக்குது, கேட்டுட்டு லைனை அறுத்துடுது. அவ்வளவு களைப்பு அதுக்கு. அதனால இப்ப உங்க கைதான் என் கை... கோபமா இருங்க, பரவாயில்ல. கோபமாவே சர்வர் ரூமுக்குப் போங்க. அங்க இருக்கற எக்ஸ்டென்ஷனுக்கு லைனை மாத்தச் சொல்லுங்க மார்க்கிரட்டை... ஓம், ஆபீஸ் மார்க்கிரட்தான், வேற எந்த மார்க்கிரட்."

டொக், டொக் என்று இரண்டு சத்தம். பிறகு பழைய பாட்டின் மெட்டு ஒன்றை அந்த டெலிபோன் கட்டையான குரலில் பாடியது. கூடத்து மூலையில் சின்னவன் பாயில் படுத்து, உடம்பெல்லாம் முத்து முத்தாக, மின்விசிறியின் சுற்றுகளை எண்ணிக்கொண்டிருந்தான். சொறியாதே என்று அவள் கையால் காட்டினாள். சொறியவில்லை என்று அவனும் கையால் காட்டினான்.

"ஹலோ... ஓம், கேக்குது. அங்க ஏர்கோன் சத்தம்கூட கேக்குது. ஸ்கிரீன்ல என்ன இருக்கு... ஒண்ணும் வேணாம், எண்டர் தட்டுங்க, வரும்... காத்திருங்க. ரெண்டாவது தடவை தட்டாதீங்க... அதுதான் லா சொல்றேன், இப்ப அதுக்கு ஒரு வேலை குடுத்தா அது வந்து செய்றதுக்கு நேரமாகும்... வந்துடுச்சா. இப்ப டி, ஓ, பி. டாப். எழுதிக்கிட்டு அப்புறம் தட்டுறீங்களா... எதுக்கு எழுதணும்... சரி, எழுதிக்குங்க. எழுதுங்க. நேரத்தையும் போட்டுக்குங்க."

மாமாவின் சட்டைப் பையில் எப்போதும் சின்ன நோட்டு ஒன்று இருக்கும். ஒவ்வொரு கட்டளையையும் அதில் எழுதி, நேரம் குறித்து, பிறகுதான் விசைப்பலகையில் கை வைப்பார். ஜனவரியில் லேபை ஒப்படைத்தபோது இதைப் பார்த்து அவள் சிரித்திருக்கிறாள்.

"வந்துச்சா... மேல இருக்கற தேதியெல்லாம் படிக்க வேணாம் மாமா. எனக்குத் தேதி தெரியும், இன்னிக்கு மே பதினஞ்சு, வெள்ளிக்கிழமை. அதுக்குக் கீழ ஒரு பட்டியல் இருக்கு பாருங்க, அதுல முதல் வரி... ம்... அது ப்ராக்ஸியோட பேரு. அந்த வரியிலேயே நூத்துக்கு எவ்வளவுன்னு ஒரு நம்பர்... தொண்ணூத்தெட்டா. தொண்ணூத்தெட்டு புள்ளி ஆறு... மாறுதா... தொண்ணூத்தொம்பது... அது நல்ல மார்க் இல்ல மாமா. பரீட்சையில வாங்கினா நல்லது. இங்க என்னன்னா, அந்தப் பெட்டியோட மூளை முழுசையும் இந்த ஒரே வேலை தின்னுக்கிட்டு இருக்கு. மத்த எதுக்கும் மிச்சமில்ல."

அவள் ஒரு பழைய காலண்டர் தாளைத் திருப்பி, பின்பக்கத்தில் 98.6 என்று எழுதினாள். வழக்கமாகப் பத்தைத் தாண்டாது. முப்பது பிள்ளைகளும் ஒரே நேரத்தில் உட்கார்ந்தாலும் இருபதுதான்.

"லேபுல இப்ப எத்தனை பேரு... பன்னிரண்டா. எண்ணிப் பாத்தீங்களா... சரி, நீங்க எண்ணாம சொல்ல மாட்டீங்க. பன்னிரண்டு பேருக்கு இவ்வளவு ஏறக் கூடாது... யாரும் பாட்டு இறக்கறாங்களா... இல்ல, நீங்க சுத்தி வந்து பாத்துட்டீங்களா, சரி. மெமரின்னு ஒரு வரி இருக்கும். 'ஃப்ரீ'ன்னு போட்டு... ம்... அது போதும். அப்ப மெமரி காரணம் இல்ல. இப்ப டி, எஃப். எழுதுங்க... தட்டுங்க... பக்கங்களோட பிரதி வைக்கற இடம், 'கேஷ்'னு முடியற வரி. எவ்வளவு நிரம்பியிருக்கு... எழுபத்தொண்ணு. அதுவும் சரியாத்தான் இருக்கு. டிஸ்கும் காரணம் இல்ல."

மணி மூன்று. அவள் தாளில் மெமரியை அடித்தாள், டிஸ்கை அடித்தாள். ஆள் குறைவு, வேலை அதிகம். அப்படியென்றால் ஒவ்வொரு ஆள் வாசலுக்கு வரும்போதும் வாசற்காரன் ஏதோ பெரிய சோதனை நடத்துகிறான். என்ன சோதனை?

"மாமா, உங்க லிஸ்ட்... தடுப்பு லிஸ்ட். அதுல இப்ப எத்தனை இருக்கும்... நான் குத்தம் சொல்லலை. கேக்கறேன்... சும்மா கேக்கறேன் மாமா... ரிஜிஸ்டர்ல பாத்துச் சொல்லுங்க."

பிள்ளைகள் பார்க்கக் கூடாத தளங்களைத் தடுக்க வேண்டும் என்பது நிர்வாகத்தின் விருப்பம். அந்தப் பொறுப்பை மாமாவிடம் கொடுத்தார்கள். தினமும் காலையில் முந்தின நாள் யார் எங்கே போனார்கள் என்ற பதிவை அவர் கண்ணாடி போட்டுக்கொண்டு வரி வரியாகப் படிப்பார். கூடாதது கண்ணில் பட்டால் முகத்தைச் சுளித்து, வரிசை எண் கொடுத்து ரிஜிஸ்டரில் ஏற்றி, அந்தத் தளத்தின் பெயரைக் கம்ப்யூட்டரில் இருக்கும் லிஸ்டிலும் சேர்ப்பார். ஒரு பக்கம் கேட்கப்படும்போதெல்லாம் ப்ராக்ஸி அந்த லிஸ்டை மேலிருந்து கீழ்வரை ஓட்டிப் பார்க்கும்.

"தொள்ளாயிரத்துப் பன்னிரண்டா... அவ்வளவுதானா... தொள்ளாயிரத்துக்கெல்லாம் இது மூச்சு வாங்காது. உங்களைச் சந்தேகப்படலை மாமா, ரிஜிஸ்டரையும் சந்தேகப்படலை. ஆனா ப்ராக்ஸி கையில இருக்கற லிஸ்டுல எத்தனைன்னு அதுகிட்டயே ஒரு தடவை கேட்டுடுவோம். டபிள்யூ, சி. ஒரு இடம் விடுங்க. மைனஸ், எல்... சின்ன எல். அப்புறம் நான் சொல்ற பேரு... எழுதிட்டீங்களா... தட்டுங்க... காத்திருங்க... என்ன வந்துச்சு... நாலு... அஞ்சு... சைபர்... ஏழு... ரெண்டு. அதுக்கு நடுவுல புள்ளி இருக்கா... இல்லையா. நல்லாப் பாருங்க மாமா, கண்ணாடி போட்டிருக்கீங்களா... திரும்ப ஒரு தடவை படிங்க... நாலு, அஞ்சு, சைபர், ஏழு, ரெண்டு."

நாற்பத்தைந்தாயிரத்து எழுபத்திரண்டு. ஒரு பிள்ளை ஒரு பக்கம் திறந்தால் அதில் இருபது படம் இருக்கும். படத்துக்கு ஒரு தடவை, இருபது தடவை, இந்த நாற்பத்தைந்தாயிரத்தையும் அந்தப் பெட்டி ஓட்டிப் பார்க்க வேண்டும். பன்னிரண்டு பிள்ளைகள். அந்த எண்ணைக் காலண்டர் தாளில் எழுதினாள்.

"கெடைச்சிடுச்சு மாமா. உங்க தொள்ளாயிரம் அங்க நாப்பத்தஞ்சாயிரமா நிக்குது. எப்படின்னு இப்பவே பாத்துடலாம். நீங்க லிஸ்ட் வச்சிருக்கற ஃபோல்டருக்குள்ள போங்க. எல், எஸ். தட்டுங்க... என்ன இருக்கு... லிஸ்ட். சரி. அப்புறம்... லிஸ்ட், ஜனவரி பத்தொம்போது. அப்புறம்... லிஸ்ட், ஜனவரி இருபது... இருபத்தொண்ணு... மாமா, நிறுத்துங்க. இப்படியே எதுவரைக்கும் போகுது... நேத்து வரைக்குமா. மொத்தம் எத்தனை... தொண்ணூத்தாறு."

அவள் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தாள். இத்தனை நேரம் இழுத்துக் கட்டியிருந்த ஏதோ ஒன்று இளகியது. காலையில் வாய்க்கு வந்ததைச் சொன்னாலும், சொன்னது தப்பில்லை. கை வைத்திருக்கிறார்.

"எதுக்கு மாமா இத்தனை... தினம் ஒண்ணா... ஆபீஸ் காப்பியா... யாரு சொன்னா உங்களுக்கு... நானா. நான் எப்ப சொன்னேன்... ஆமா, 'கை வைக்கறதுக்கு முன்னாடி ஒரு காப்பி எடுத்து வச்சுக்குங்க'ன்னு சொன்னேன். ஒரு காப்பின்னு சொன்னேன் மாமா. நீங்க தேதி போட்டுத் தினம் ஒரு காப்பி எடுத்திருக்கீங்க... பழசை அழிச்சிட்டுப் புதுசு வைக்க வேண்டியதுதானே... அழிக்க உத்தரவு இல்லையா. யாரு உத்தரவு குடுக்கணும்... மாமா, இது ரயில்வே பைல் இல்ல. ஒவ்வொரு காப்பியிலும் அதுக்கு முந்தின நாள் வரைக்கும் உள்ளது மொத்தமும் இருக்கு. தொண்ணூத்தாறு தடவை. அதைத்தான் அது திரும்பத் திரும்பப் படிச்சுச் சாகுது... இருங்க, இருங்க. நான் அப்பவே சொன்னேன்ல, யாரோ கை வச்சிருக்காங்கன்னு. இப்ப நீங்களே சொல்லுங்க, வச்சீங்களா இல்லையா."

இதைச் சொல்லாமல் இருந்திருக்கலாம். சொல்லிவிட்டாள்.

"... என்ன கேட்டீங்க... திரும்பச் சொல்லுங்க... அது ஒரு மூலையில சும்மாத்தான் கிடக்குது, ஓம். நீங்க அதைத் திறக்கலை, ஓம்... சும்மா கிடக்கற காப்பியை ப்ராக்ஸி எதுக்கு எடுத்துப் படிக்கணும்னு கேக்கறீங்க. நியாயமான கேள்விதான். ஏன்னா, விடியக்காலை ஒரு ஸ்கிரிப்ட், கட்டளைத் தொகுப்பு, தானா ஓடும் மாமா. அது அந்த ஃபோல்டருக்குள்ள போய், அங்க இருக்கற லிஸ்டை எடுத்து ப்ராக்ஸிகிட்ட குடுக்கும்... லிஸ்டை மட்டும்தான் எடுக்கணும்... அது அங்க இருக்கற..."

அந்த ஸ்கிரிப்டை எழுதிய நாள் நினைவுக்கு வந்தது.

பொங்கலுக்கு முந்தின நாள். ஐந்தரை மணி கொமுட்டர் ரயிலைப் பிடித்தால்தான் கிள்ளானுக்கு வந்து பானை, கரும்பு வாங்க முடியும். கைப்பை தோளில், ஒரு காலில் செருப்பு, நின்றபடியே அந்த வரியைத் தட்டினாள். பின்னால் வேறு விரிவுரையாளர்களும் தனித்தனி லிஸ்ட் கொடுக்கலாம், ஒவ்வொன்றின் பெயரையும் யார் எழுதிக்கொண்டிருப்பது என்று, பெயர் வர வேண்டிய இடத்தில் ஒரு நட்சத்திரக் குறியைப் போட்டாள். உள்ளே எது இருந்தாலும் எடு என்று அதற்கு அர்த்தம். அடுத்த வாரம் வந்து சரிபண்ணிக்கொள்ளலாம் என்று நினைத்தாள். அடுத்த வாரம் போனபோது எல்லாம் நன்றாக ஓடிக்கொண்டிருந்தது. நன்றாக ஓடுவதை யார் திறந்து பார்ப்பார்கள்?

காப்பி எடு என்று சொன்னவள் அவள். காப்பியையும் சேர்த்து எடு என்று மெஷினிடம் சொன்னவளும் அவள்.

"ஹலோ... இருக்கேன் மாமா. லைன் கட்டாகலை... ஒண்ணும் இல்ல, யோசிக்கறேன்... மாமா, முதல்ல அதைச் சரி பண்ணிடுவோம். அப்புறம் பேசலாம். புதுசா ஒரு ஃபோல்டர் போடுங்க. எம், கே... எழுதிக்குங்க... பேரா, உங்க இஷ்டம். 'ஆபீஸ் காப்பி'ன்னே வைங்க... அந்தத் தொண்ணூத்தாறையும் அதுக்குள்ள நகத்துங்க... அழிக்க வேணாம். ஒண்ணைக்கூட அழிக்க வேணாம் மாமா, பத்திரமா இருக்கட்டும்... எம், வி. அதுக்கப்புறம்..."

பத்து நிமிஷம் எழுத்து எழுத்தாகச் சொன்னாள். அவர் எழுதினார், நேரம் குறித்தார், தட்டினார். நடுவில் ஒரு எழுத்தை இவள்தான் தப்பாகச் சொன்னாள். அவர் திருப்பிக் கேட்டு நிறுத்தினார்.

"ஓம், நான்தான் தப்பாச் சொன்னேன். நீங்க சொன்னதுதான் சரி... இப்ப அந்த ஸ்கிரிப்டைக் கையாலேயே ஓட்டறோம். தட்டுங்க... முடிஞ்சுதா. புது லிஸ்டை எண்ணிப் பாருங்க... ஒம்போது, ஒண்ணு, ரெண்டு. உங்க ரிஜிஸ்டரும் அதுவும் ஒண்ணாயிடுச்சு. இப்ப ப்ராக்ஸியை, இதைப் படின்னு சொல்லணும்... ம்... ம்... எண்டர். இப்ப டாப். பாருங்க... தொண்ணூத்தேழு. இருங்க... எண்பத்திரண்டு... சொல்லிக்கிட்டே இருங்க... நாப்பது... பதினாறு... ஏழு... ஏழுலயே நிக்குதா. நாலு... என்ன சத்தம் அங்க... பிள்ளைங்களா. கை தட்டறாங்களா... எதுக்கு, பக்கம் திறந்துடுச்சா... அதட்டாதீங்க மாமா, பாவம், ஒரு வாரமா உட்காந்திருந்தாங்க. தட்டட்டும்."

மணி மூன்று முப்பத்தைந்து. காலண்டர் தாளில் 4 என்று எழுதி, எதற்கென்று தெரியாமல் அதைச் சுற்றி வட்டம் போட்டாள்.

"மாமா, உட்காருங்க. நாற்காலி இருக்கா... நான் ஒண்ணு சொல்லணும். அது உங்க தப்பு இல்ல. காப்பி எடுத்தது தப்பே இல்ல, நான் சொன்னதைத்தான் நீங்க செஞ்சீங்க. அந்த ஸ்கிரிப்ட்ல நான்தான் அவசரத்துல, லிஸ்டை மட்டும் எடுன்னு போடாம, எல்லாத்தையும் எடுன்னு போட்டுட்டேன். ஜனவரியிலேயே. உங்க காப்பி ஒவ்வொண்ணா சேரச் சேர அது ஏறிக்கிட்டே வந்திருக்கு... ஓம்... ஓம் மாமா, என் கைதான்... மாமா... ஏதாவது பேசுங்க."

திட்டுவார் என்று எதிர்பார்த்தாள். திட்டினால் நல்லது என்றும் நினைத்தாள்.

"... என்ன சொல்றீங்க... எதுல நீங்க கையெழுத்துப் போடணும்... இல்ல மாமா, அது எப்படி... காப்பியை வச்சது நீங்க, சரி. அது பொய் இல்ல, சரி. ஆனா காரணம் அது இல்லையே... ஓம், ஒப்பந்தம் அடுத்த வாரம்தான்... ஓம், ரெண்டு பிள்ளைங்க... வீட்டுக்காரருக்கும் துறைமுகத்துல மாசம் பாதி நாள்தான் வேலை, உங்களுக்குத் தெரியும்... பென்ஷன் வருதுன்னு சொல்றீங்க. பென்ஷன் வருது. அதுக்கு இல்ல மாமா, உங்களை அனுப்பிடுவாங்க. வீட்டுல உட்காந்து என்ன செய்வீங்க... பேப்பர் படிப்பீங்களா. பேப்பரை நீங்க காலையில ஆறரைக்கே முடிச்சிடுவீங்க, அப்புறம்... கோயிலா... உங்களுக்கு எப்ப மாமா கோயில் கமிட்டி பிடிச்சுது..."

சிரித்தாள். அவரும் சிரித்திருக்க வேண்டும்.

"... முப்பத்தெட்டு வருஷம்னு நீங்கதானே சொல்லுவீங்க, ஒரு கடிதம்கூட... அது ரயில்வே, இது வேற. சரி, வேறதான்... ஓம்... ஓம், என்னைக் கேட்டா நான் என்ன சொல்றது... ஓம் மாமா... சரி."

குரலை இறக்கித்தான் சொன்னாள். ஆனால் குரலை இறக்கிச் சொன்னாலும் சரி என்பது சரிதான். அந்தப் பக்கம் ரிசீவரை மேசைமேல் வைக்கும் சத்தம் கேட்டது. வைத்துவிட்டுப் போனார். கதவு திறந்தது, லேபின் இரைச்சல் உள்ளே வந்தது, கதவு மூடியது, இரைச்சல் போனது.

மீனலோசனி காத்திருந்தாள். சின்னவன் தண்ணீர் கேட்டான். டெலிபோன் கயிறு எட்டும் தூரம்வரை போய்ச் செம்பை நீட்டினாள். அவன் குடித்துவிட்டு, தாத்தா சரி பண்ணிட்டாரா என்று கேட்டான். அம்மாவின் மாமா அவனுக்குத் தாத்தா. ஆமாம் என்றாள். பெரிய ஆளு லா தாத்தா என்று சொல்லிவிட்டு அவன் திரும்பப் படுத்துக்கொண்டான்.

இப்போது மார்க்கிரட்டின் மேசைக்குப் போயிருப்பார். கண்ணாடியை எடுத்துத் துடைப்பார். தாளை முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை படிக்காமல் கையெழுத்துப் போட மாட்டார். அதற்கு இரண்டு நிமிஷம் ஆகும். 'பழுதுக்குக் காரணம்' என்ற கட்டத்தில் தன் கையாலேயே எழுதுவார், அந்த ரயில்வே கையெழுத்தில், ஒரு எழுத்துகூடக் கோடு தாண்டாமல்.

ரிசீவரை இறுக்கிக் காதில் வைத்தாள். "மாமா" என்று மேசைமேல் கிடக்கும் போனிடம் கூப்பிட்டாள். இன்னும் உரக்கக் கூப்பிட்டாள். கதவு திறக்கும் சத்தம். யாரோ எடுத்தார்கள்.

"மாமா, போடாதீங்க. நான் சொன்னதை விடுங்க, அந்தப் பேப்பரை... ஹலோ... ஓ. தாவூத் சாரா. சார், நான் மாமான்னு நினைச்சேன்... ஆமா சார், ஓடுது. நாலுதான் காட்டுது... ஜும்ஆ தொழுகை, சாப்பாடு எல்லாம் முடிச்சு இப்பத்தான் வந்தீங்களா... இருக்கட்டும் சார், நன்றி எல்லாம் வேணாம். சார், காரணம் என்னன்னு... அவரு சொல்லிட்டாரா. என்ன சொன்னாரு... 'அதிகப்படியான காப்பிகளை வைத்ததால்'... எழுதியே குடுத்துட்டாரா. கையெழுத்தும்... சரி. சார், ஒரு நிமிஷம். கூட்டத்துக்கு நேரமாயிடுச்சு, தெரியும். ஒரே நிமிஷம்."

அவள் எழுந்து நின்றாள். எதற்கு நின்றாள் என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

"சார், அவரு காப்பி எடுத்தது நான் எடுக்கச் சொல்லித்தான். அந்தக் காப்பியால மெஷினுக்கு ஒண்ணும் ஆகியிருக்காது. நான் எழுதின ஒரு வரி தப்பு. அதுதான் எல்லாக் காப்பியையும் சேர்த்து ப்ராக்ஸி தலையில கட்டியிருக்கு... ஆமா சார், நான் எழுதினது... ஜனவரியில... இல்ல சார், அவரைக் காப்பாத்தச் சொல்லலை. நாளைக்கு வேற கம்ப்யூட்டர்காரர் யாரைக் கூப்பிட்டுக் காட்டினாலும், அந்த வரியைப் பாத்ததும் சொல்லிடுவாரு... காலையிலா. காலையில நான் உங்ககிட்ட சொன்னதுக்கு ஆதாரம் ஒண்ணும் இல்ல சார். பாக்காமலே சொன்னேன். என் வேலை போயிடுமோன்னு சொன்னேன்... ஒப்பந்தம் உங்க இஷ்டம் சார். போர்டு என்ன சொல்லுதோ அது. ஆனா அந்தப் பேப்பரைக் கிழிச்சிடுங்க. வேற பேப்பர்ல என் பேரைப் போடுங்க, நான் கையெழுத்துப் போட்டு நாளைக்கே அனுப்பறேன்... சரி சார்... இப்பவே கிழிக்கறீங்களா... கேட்டுச்சு சார்... பரவாயில்ல சார், நீங்க கோபப்படறது நியாயம்தான்... சார், மாமா பக்கத்துல இருக்காரா... எல்லாத்தையும் கேட்டுக்கிட்டுத்தான் நின்னாரா. அவருகிட்ட ஒரு நிமிஷம் குடுங்க."

போன் கை மாறியது. அது மாமாதான் என்று அவளுக்குத் தெரிந்தது. பேசத் தொடங்கும் முன் தொண்டையைச் செருமும் பழக்கம் அவருக்கு. செருமினார்.

"மாமா... பேப்பரைக் கிழிச்சிட்டாரு. கேட்டீங்கதானே... உங்க பேரு எதுலயும் இல்ல... நாளைக்குக் காலையில நீங்க எப்பவும்போல போய் லேபைத் திறக்கணும்... மாமா, பேசுங்க... நீங்க கையெழுத்துப் போடறேன்னு சொன்னப்ப, நான் சரின்னு சொல்லிட்டேன். அதை நீங்க காதுல வாங்கலைன்னு மட்டும் ஒரு வார்த்தை சொல்லுங்க மாமா."